நடுவெளியில் ஒரு வீடு

மெத்தையக்காவுக்கு அவள் அப்பா வைத்த பெயர் வேறு. அது அரசாங்கக் காகிதங்களில் பத்திரமாக இருக்கிறது. ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரிப்பார்கள். பஞ்சு மெத்தைக் கடை வைத்திருப்பதால் அவள் மெத்தையக்கா. அவளைவிட இருபது வயது மூத்த கிழவர்களுக்கும் அக்காதான்.

பஞ்சு மெத்தையில் ஒரு வருஷம் படுத்து எழுந்தால் உள்ளே பஞ்சு கட்டிதட்டிப் போகும். மெத்தையைப் பிரித்து, பஞ்சை மெஷினில் போட்டு அடித்து உதிர்த்து, திரும்ப உறையில் திணித்து, நீள ஊசியால் தைக்க வேண்டும். ஆக, வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லா வீட்டு மெத்தையும் அவள் கைக்கு வரும். எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நடுவில் ஆள் படுக்குமளவு இடம் விட்டுப் படுக்கிறார்கள் என்பது மெத்தையில் விழுந்திருக்கும் பள்ளத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே சொல்ல மாட்டாள். கடை நடப்பதே அதனால்தான்.

நடுவில் இடம் விட்டுப் படுக்கும் பழக்கம் அந்த ஊருக்கே உண்டு. மேட்டில் கொஞ்சம் வீடுகள், பள்ளத்தில் கொஞ்சம் வீடுகள், இரண்டுக்கும் நடுவே முள்ளும் புல்லுமாக ஒரு வெற்றிடம். அதன் பெயர் நடுவெளி. மேட்டுப்பக்கமும் பள்ளத்துப்பக்கமும் பெண் கொடுக்கும், பெண் எடுக்கும், ஒன்றின் கடையில் மற்றது சாமான் வாங்கும். ஆனால் நடுவெளியில் மட்டும் ஒருவரும் வீடு கட்ட மாட்டார்கள். யார் முதலில் கட்டுகிறார்களோ அவர்கள் பக்கம் வழிக்கு வந்துவிட்டது, தோற்றுவிட்டது என்று அர்த்தம். சண்டை எதில் தொடங்கியது என்று கேட்டால், ஓர் ஆட்டுக்கிடாவில் என்று மேட்டுப்பக்கம் சொல்லும். கிடா இல்லை, பெட்டை என்று பள்ளத்துப்பக்கம் சொல்லும். அதில்கூட ஒத்துப்போகவில்லை.

அந்த மாகாணத்தில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஊர்களைத் தரம் பிரிப்பார்கள். கிராமம், சிறுநகரம், நகரம் என்று மூன்று படி. சிறுநகரம் ஆகிவிட்டால் சொந்தமாக நகரசபை, குழாய்த் தண்ணீர், தீயணைப்பு நிலையம் எல்லாம் வரும். கிராமமாகவே இருந்தால் கைப்பம்பும் அறிவுரையும் வரும். போன தடவை வந்த அதிகாரி நடுவெளியில் நின்றுகொண்டு, "இது ஒரு ஊரா, ரெண்டு ஊரா?" என்று கேட்டார். "ரெண்டு ஊரு!" என்று இரண்டு பக்கமும் சேர்ந்து கத்தியது. அவர்கள் ஒரே குரலில் பேசியது அன்றைக்கு ஒருநாள்தான். அதிகாரி இரண்டு குக்கிராமம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்த ஊருக்குக் கூத்தாடிகூட வரவில்லை.

இதெல்லாம் மெத்தையக்காவுக்கு ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது, ஒரு கோடையில் கடை தீப்பிடிக்கும் வரை.

மத்தியான வேளை. பஞ்சு அடிக்கும் மெஷினில் ஒரு பொறி பறந்தது. பஞ்சுக்குப் பொறி போதும். புருஷன் செத்த பிறகு அக்கா பள்ளத்துப்பக்கத்திலிருந்து, பிறந்த மேட்டுப்பக்கம் திரும்பிவந்து தம்பியோடு சேர்ந்து நடத்திய கடை அது. தைக்கிற வேலை முழுக்கத் தம்பியுடையது. அவன் தைத்த மெத்தையில் ஒரு தையல் கோணி யாரும் பார்த்ததில்லை. பக்கத்து நகரத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு அக்கா போன் போட்டாள்.

"எந்த நகரசபைம்மா?"

"நகரசபை இல்லீங்க, கிராமம். பஞ்சு எரியுது, சீக்கிரம் வாங்க."

"எல்லைக்கு வெளியே வரணும்னா மேலிடத்துல அனுமதி கேக்கணும்மா. லைன்லயே இருங்க."

அவள் லைனிலேயே இருந்தாள். தம்பி இருக்கவில்லை. எரிகிற மூட்டையை வெளியே இழுத்துப் போட்டுவிடலாம் என்று உள்ளே ஓடினான். மூட்டையைச் சுற்றி இரும்புப் பட்டை கட்டியிருந்தது. அதைத்தான் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அனுமதி கிடைத்து வண்டி வந்து சேர்ந்தபோது தண்ணீர் ஊற்றச் சாம்பல்தான் இருந்தது. வண்டியோடு வந்தவர்கள் நல்ல மனுஷர்கள். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அவர்களைத் திட்டவும் அக்காவுக்கு வாய் வரவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. ஊசி பிடித்த கை சாப்பாட்டுக் கரண்டி பிடிக்கவே தடுமாறியது. வாய் மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. "கையில இருந்த ஊசி நாக்குல ஏறிடுச்சுக்கா" என்பான்.

எரிந்த கூரையை மாற்றி, பழைய மெஷின் ஒன்றைப் பிடித்து, தையலையும் தானே பார்த்துக்கொண்டு கடையைத் திரும்பவும் திறந்தாள். மெஷினை ஓட்டும் ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பயமாக இருந்தது. தரம் பிரிக்கும் வருஷம் மறுபடியும் வந்துவிட்டது என்று காதில் விழுந்ததும் பஸ் ஏறி மாகாணத் தலைநகருக்குப் போனாள். இந்தத் தடவை விட்டால் இன்னும் பத்து வருஷம். பத்து வருஷத்துக்கு அந்தப் பயத்தோடு பஞ்சு அடிக்க அவளால் முடியாது.

வகைப்பாட்டு அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேஜையில் தேடுகிற ரகம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுகிற அதிகாரி. வரைபடத்தை விரித்து இரண்டு தலையணை மாதிரித் தனித்தனியே கிடந்த ஊரைக் காட்டினார்.

"ஜனத்தொகை போதும்மா, ரெண்டையும் சேர்த்தா. ஆனா சேர்க்க முடியாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருநூறு மீட்டருக்கு மேல காலியா இருந்தா அது தனி ஊர்தான். சட்டம் அப்படி."

"ஊர் ஜனம் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா?"

"கையெழுத்து இடைவெளியை நிரப்பாதும்மா."

அக்கா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், நடுவுல சரியா ஒரு வீடு இருந்தா?"

அதிகாரியம்மா அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். "சரியா நடுவுல இருந்தா ரெண்டு பக்கமும் இருநூறுக்குள்ள அடங்கிடும். ஆனா வீடுன்னா ஆள் குடியிருக்கணும். கடை, கொட்டகை எல்லாம் செல்லாது. சமைக்கணும், தூங்கணும், கொடியில துணி காயணும். நானே நேர்ல வந்து பார்ப்பேன்."

நடுவெளியின் சரிபாதியில், மேட்டையும் பள்ளத்தையும் சேர்க்கும் சாலையை ஒட்டி, அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவாக ஒரு மனை இருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்பா ஏதோ ஒரு காலத்தில் வாங்கிப்போட்டது. வாங்கின நாளிலிருந்து ஆடுகள்தான் அனுபவித்தன.

தம்பியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். "பூனைக்கு யார் மணி கட்டறதுன்னு ஊரே யோசிச்சிட்டிருக்கு. நீ பூனையோட குடித்தனம் பண்ணவே போறியா?" என்றான்.

"நீ வர்றியா, இல்லையா?"

"வராம? தனியா விட்டா நீ சமைச்சதை நீயே சாப்பிட்டுச் செத்துப்போயிடுவே."

மேட்டுப்பக்கத்துக்குப் பெரிய மனிதர் அவளுடைய சித்தப்பா. மரக்கடை வைத்திருந்தார். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்.

"சித்தப்பா, ஒரு கதவு, நாலு ஜன்னல், கூரைக்கு மரம் வேணும்."

"எடுத்துக்கோம்மா, உனக்கு இல்லாததா? எங்க கட்டறே?"

"நடுவெளியில."

சித்தப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்து, திரும்பக் காதிலேயே செருகிக்கொண்டார். "மரம் இல்ல" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் கூரையை முட்டிக்கொண்டு மரம் அடுக்கியிருந்தது.

"எங்கண்ணன் பொண்ணு முதல்ல இறங்கிப் போயிட்டான்னு பள்ளத்துப்பக்கம் சிரிப்பானுங்க. நான் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

"அங்க போய்ப் பல வருஷம் குடித்தனம் பண்ணேனே, அப்ப சிரிக்கலியா?"

"அது கல்யாணம்மா. இது மண்ணு."

பள்ளத்துப்பக்கத்தில் செங்கல் சூளைக்காரர்தான் எல்லாம். புருஷன் வழியில் அக்காவுக்கு மாமா முறை. அவரும் செங்கல் இல்லை என்றார்.

"சூளை புகையுதே மாமா?"

"அது வேற ஆளுக்கு. எங்க ஊட்டு மருமக முதல்ல ஏறிப் போயிட்டான்னு மேட்டுப்பக்கம் கொக்கரிப்பான். அதுக்கு நான் கல்லு வேற குடுக்கணுமா?"

ஒருத்திதான். அவரவர் வசதிக்கு அவளை ஏற்றியும் இறக்கியும் வைத்துப் பேசினார்கள். தாங்களும் செய்ய மாட்டார்கள், செய்கிறவளையும் விட மாட்டார்கள். அக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவள் கோபம் வந்தால் கத்துகிற ஜாதி இல்லை. நேரே கடைக்கு வந்தாள், மெஷினை நிறுத்தினாள்.

மழைக்கு முன்னால் எல்லாரும் மெத்தையை அடிக்கக் கொடுக்கிற காலம் அது. இரண்டு பக்கத்து மெத்தைகளும் பிரித்தது பாதி பிரிக்காதது பாதியாகக் கடையில் மலைமாதிரிக் கிடந்தன. கேட்க வந்தவர்களிடம் ஒரே பதில் சொன்னாள். "தீயணைப்பு வண்டி இல்லாத ஊர்ல நான் இனிமே பஞ்சு அடிக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு. பயப்படறது தப்புன்னா என் தம்பி கையை வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க." அது மிரட்டலாகவும் இருந்தது, உண்மையாகவும் இருந்தது.

ஆண்கள் சிரித்தார்கள். கொஞ்ச நாள்தான். கட்டாந்தரையில் படுத்து எழுந்த பிறகு சிரிப்பு குறைந்தது. ஒருநாள் சித்தி கடைக்கு வந்து உட்கார்ந்தாள். "உங்க சித்தப்பா வெறும் பலகையில படுத்து இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. அவர் முனகற முனகல்ல எனக்குத் தூக்கம் இல்ல" என்றாள். பள்ளத்துப்பக்கத்துச் சூளைக்காரர் மனைவியும் அங்கே இருந்தாள். "எங்க வீட்லயும் அதே கச்சேரிதான்" என்றாள். இரண்டு பெண்களும் பிரித்துப்போட்ட பஞ்சைப் பார்த்தார்கள். தைக்கிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்த தம்பியின் கையைப் பார்த்தார்கள். சித்தி எழுந்து போய்விட்டாள்.

வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரக் கடைசியில் மரம் வந்து நடுவெளியில் இறங்கியது. சித்தப்பா மட்டும் வரவில்லை.

அக்கா உடனே சூளைக்காரரிடம் போனாள். "மாமா, சித்தப்பா மரம் குடுத்துட்டாரு. கல்லு வெளியூர்ல வாங்கிக்கறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சூளைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் குடுத்தானா?"

"ஆமா. ஊர்ல எல்லாரும் அது மேட்டுப்பக்கம் கட்டின வீடுன்னுதான் சொல்லப் போறாங்க."

"கதவும் ஜன்னலும் இருந்தா அது வீடாம்மா? சுவர்தான் வீடு! யாரு வெளியூர்ல கல்லு வாங்கறது? நாளைக்கு லாரி வரும், போ."

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்கிறார்கள். இரண்டையும் பார்த்தவள் என்பதால் அக்கா அசரவில்லை. கொத்தனாருக்குக் கல் எடுத்துக் கொடுத்தாள், சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். தம்பி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அந்த வரிசை கோணுது, தைக்கறவன் கண்ணுக்குத் தெரியும்" என்று கொத்தனார் உயிரை எடுத்தான். இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக வீடு எழுந்து நின்றது. மரமும் கல்லும் வந்துவிட்டதால், தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திராமல் மெஷினையும் ஓட்டி எல்லாருடைய மெத்தையையும் அடித்துக் கொடுத்தாள். பயத்தோடுதான் அடித்தாள்.

குடிபோன பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாலு பக்கமும் காற்று அடித்தது. சாயங்காலம் ஆனால் மேட்டிலும் பள்ளத்திலும் விளக்குகள் எரியும், பேச்சுச் சத்தம் கேட்கும், அக்கா வீட்டு வாசலில் ஆடுகூட நிற்காது. கல்யாணமாகிப் போனபோதும் புருஷன் செத்தபோதும் வராத தனிமை அவளுக்கு அங்கே வந்தது. சில நாள் பாத்திரம் கழுவும்போது அழுதாள்.

"இந்த வீட்ல ஒரு வசதி பாத்தியாக்கா?" என்றான் தம்பி. "ரெண்டு பக்கமும் நம்மைத் திட்டறது தெளிவாக் காதுல விழுது."

அதிகாரியம்மா வந்த அன்று ஊர் முழுக்க நடுவெளியில் கூடிவிட்டது. மேட்டுப்பக்கம் ஒரு வரிசை, பள்ளத்துப்பக்கம் ஒரு வரிசை. உதவியாளர்கள் நாடாவைப் பிடித்து அளந்தார்கள். மேட்டின் கடைசி வீட்டிலிருந்து அக்கா வீட்டுச் சுவர் வரை இருநூறுக்குள் அடங்கியது. பள்ளத்துப்பக்கமும் அடங்கியது, ஆனால் முழம் துணிதான் மிச்சம் என்கிற மாதிரி. அதிகாரியம்மா சமையலறைக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்த்தார். கொடியில் காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வாசலில் வந்து நின்று, எழுதுகிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"இது ஒரு ஊரா, ரெண்டு ஊரா?"

சித்தப்பா சூளைக்காரரைப் பார்த்தார். சூளைக்காரர் வானத்தைப் பார்த்தார். யாருக்கும் இரண்டு என்று சொல்லவும் மனசில்லை, ஒன்று என்று முதலில் சொல்லவும் நாக்கு எழவில்லை. அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனையும் செய்து கடைசியில் இந்த ஒரு கேள்வியிலா போய்விடும்?

"மேடம், நான் சொல்லலாமா?" என்றான் தம்பி. "மேட்டுப்பக்கத்துல எல்லாரும் எங்கக்காவைத் திட்டறாங்க. பள்ளத்துப்பக்கத்துலயும் எல்லாரும் எங்கக்காவைத் திட்டறாங்க. இத்தனை ஜனமும் சேர்ந்து ஒரே ஆளைத் திட்டுதுன்னா, அது ஒரே ஊராத்தானே இருக்கணும்?"

முதலில் சிரித்தவள் சித்தி. அப்புறம் இரண்டு வரிசையும் சிரித்தது. "ஆமா ஆமா, ஒண்ணுதான், எழுதிக்கோங்க" என்று யாரோ சொன்னார்கள். எந்தப் பக்கத்துக் குரல் என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. அதிகாரியம்மா எழுதிக்கொண்டார்.

சிறுநகரம் என்ற அறிவிப்பு வந்தது. அது வந்ததுதான் தாமதம், நடுவெளிக்கு யோகம் அடித்தது. தோல்வி, மானம் என்று பேசினவர்களெல்லாம் அங்கே மனைக்கு அலைந்தார்கள். சாலை ஓரம் முழுக்கக் கடைகளுக்கு அஸ்திவாரம் விழுந்தது. அக்கா வீட்டைச் சுற்றி மனிதர்கள் வந்தார்கள். மாலையில் வாசலில் உட்கார்ந்தால் பேச ஆள் இருந்தது. அந்த வீடு அவளுக்குப் பிடித்துப்போனது.

தீயணைப்பு நிலையத்துக்கு இடம் பார்க்க அதிகாரியம்மா மறுபடி வந்தார். சித்தப்பா மேட்டுப்பக்கம் இடம் காட்டினார். சூளைக்காரர் பள்ளத்துப்பக்கம் காட்டினார். பழையபடி குரல் உயர்ந்தது. கிடாவும் பெட்டையும் திரும்ப எழுந்து வரும்போல் இருந்தது.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ரெண்டு பேரும் ஒத்துக்கற இடம் ஒண்ணு சொல்லணும்" என்றார் அதிகாரியம்மா. "இல்லன்னா வரிசையில அடுத்து நிக்கற ஊருக்கு நிலையத்தைக் குடுத்துடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"நடுவுல கட்டலாமே" என்றது கூட்டம்.

"நடுவுல சாலையை ஒட்டி எங்க இடம் இருக்கு? எல்லாந்தான் வித்துப்போச்சே" என்றது இன்னொரு குரல்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். மனை அவனுக்கும் பொது. அவன் சரி என்று தலையை ஆட்டினான். அன்றைக்குத்தான் அவனிடம் ஒரு கேலியும் இல்லை.

"இதை எடுத்துக்கோங்க மேடம்" என்றாள் அக்கா. "இந்த வீடு இருக்கற இடத்தை."

"உனக்கென்ன பைத்தியமாம்மா?" என்று சித்தப்பா கத்தினார். "நான் குடுத்த மரம் இது. ஒரு பலகையைக்கூடத் தொட விடமாட்டேன்." சூளைக்காரர் வந்து அவர் பக்கத்தில் நின்றார். "என் கல்லு மேல கடப்பாரை விழக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். பின்னால் இரண்டு பக்கத்து ஜனமும் வந்து நின்றது. அவளை அங்கே குடியேற விடாதவர்கள் இப்போது காலி பண்ண விடமாட்டோம் என்று வழியை மறித்தார்கள். அவர்கள்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் அதிகாரியம்மா பக்கம் திரும்பினாள். "மேடம், வீடு போயிட்டா மறுபடியும் ரெண்டு ஊரா ஆயிடுமா?"

"ஆகாதும்மா. நிலையத்தோட அவங்க குடியிருப்பும் சேர்த்துத்தான் கட்டுவோம். ராத்திரி பகல் ஆள் இருப்பாங்க."

"அப்ப சரி."

உள்ளே போய்த் திருப்புளியை எடுத்து வந்தாள். வாசல் கதவின் கீல்களைக் கழற்ற ஆரம்பித்தாள். மேல் கீலுக்கு முக்காலி போட்டு ஏறினாள். தடுக்க வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

"உனக்குன்னு ஒரு வீடு வேணாமாம்மா?" என்று கேட்டார் சித்தப்பா.

"எனக்கு வீடு வேணும்னா நான் ஏன் சித்தப்பா இங்க வந்து கட்டறேன்?"

கடைசித் திருகு கழன்று கதவு சாய்ந்தது. தம்பியின் கை எதையும் பிடிக்காது. அவன் குனிந்து தோளைக் கொடுத்துத் தாங்கினான். ஆனாலும் கனம் அவனை அழுத்தியது. அக்கா முக்காலியில் நின்றபடி திரும்பி, "பாத்துட்டு நிக்கறீங்களே சித்தப்பா, அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.

சித்தப்பா வந்து பிடித்தார். சூளைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார், ஜன்னலை யார் கழற்றுவது என்று கேட்டுக்கொண்டே.